நிறம் நிற்கும் வரை

முதல் துளி தயங்கும். ஸ்டெல்லா மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார், சூடான ஆக்ஸாலிக் ஆசிடில் ஊதா நிறப் பர்மாங்கனேட்டின் முதல் துளி விழுந்தால் உடனே நிறம் போகாது, ரோஸாக நின்று உங்களைப் பயமுறுத்தும், அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்து பியூரெட் குழாயைத் திருகி மூடிவிடாதீர்கள், குலுக்கிக்கொண்டே இருங்கள், அது போய்விட்டால் அடுத்தடுத்த துளியெல்லாம் விழுந்த இடம் தெரியாமல் போகும், கடைசியில் ஒன்று போகாமல் நிற்கும், அதுதான் முடிவு என்று. குலுக்குகிறேன். குடுவையின் கழுத்தை மடித்த கைக்குட்டையால் பிடித்திருக்கிறேன், அப்படியும் சூடு உள்ளங்கைக்கு வருகிறது, ரோஸ் போகவில்லை, போகவில்லை, போய்விட்டது. தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, எதுவுமே விழாத மாதிரி. பொய்யும் இப்படித்தான் இருக்கிறது. காலையில் அப்பா ஜெனரல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டே, "கடைசி நாளு என்னிக்கும்மா?" என்றார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன், ரப்பர் பேண்ட் வாயில் இருந்தது. "நாளைக்குப்பா, சாயங்காலம்" என்றேன். பல்லுக்கிடையில் சொன்னதாலோ என்னவோ, எனக்கே அது பொய் மாதிரி கேட்கவில்லை. "அப்ப நாளைக்கு லீவு சொல்லிடறேன்" என்று போய்விட்டார். நாளைக்கு இல்லை. இன்றைக்கு. இன்றைக்கு ஐந்து மணிக்குள் கவுன்சிலிங் இணையதளத்துக்குப் போய், கெமிக்கல் இன்ஜினியரிங் சீட்டு எனக்கு வேண்டும் என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும், அமுக்கினால் அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட வேண்டும். அமுக்காவிட்டால் சீட்டு போய்விடும், நான் இந்த அரசு மகளிர் கல்லூரியிலேயே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிப்பேன். அதற்கு நான் எதுவுமே செய்ய வேண்டாம். இங்கேயே நின்று துளித் துளியாக விட்டுக்கொண்டிருந்தால் போதும். ஐந்து மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதும், அப்பா வேலை பார்க்கிற கம்பெனியின் சங்குதான், ஊர் முழுக்கக் கேட்கும். அது ஊதி ஓய்ந்தால் முடிந்தது.

"ரஞ்சனி யாரும்மா இங்க?" என்று ராஜகுமாரி அக்கா ஸ்டோர் ரூம் வாசலிலிருந்து கேட்டபோது நான் இரண்டாவது குடுவையை அடுப்பில் வைத்திருந்தேன். லேப் அட்டெண்டர் அக்காவுக்கு எல்லாப் பெயரும் தெரியும், இருந்தாலும் ஒருமுறை ஊருக்கே கேட்பது போல் கேட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்லுவார். "வெளிய உங்கப்பா வந்து குந்தியிருக்காரு. கூப்புடவான்னேன். வேணாம், வேலையா இருக்கும், முடிச்சிட்டே வரட்டும்னுட்டாரு." ஷிஃப்ட் விட ஐந்தாகும், அதற்குள் இவர் எப்படி இங்கே. அம்மாவுக்கு ஏதாவதா. அம்மாவுக்கு ஏதாவது என்றால் உட்கார்ந்திருப்பாரா, உள்ளே ஓடி வந்திருப்பாரே, லேப் என்றும் பார்க்க மாட்டார், மேடம் என்றும் பார்க்க மாட்டார். அப்படியென்றால் தெரிந்துவிட்டது. தெரிந்திருந்தாலும் ஓடித்தானே வந்திருப்பார், முடிச்சிட்டே வரட்டும் என்று ஏன் சொல்கிறார். ஆகவே தெரியவில்லை. தெரியாமல் ஏன் வந்தார். ஜன்னல் பக்கம் போனேன். புங்க மரத்தடியில் டி.வி.எஸ். நிற்கிறது, பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் அப்பா, கம்பெனியின் காக்கிச் சட்டையோடு, மஞ்சள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் கல்லூரி என்பதால் போகிற வருகிற யாரையும் பார்த்துவிடக்கூடாது என்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்தார். இந்த ஜன்னலைத்தான் பார்த்தாரோ. நான் சட்டென்று பின்னால் வந்துவிட்டேன். இடுப்பு மேசையில் இடித்தது. என் ஜோடி பெனாசிர் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், பாத்துடி. உடைச்சா நம்ம பேர்லதான் எழுதுவாங்க" என்றாள்.

யார் மேல் கோபப்பட வேண்டும் என்று பார்த்தால் என் மேல்தான் கோபப்பட வேண்டும், அதுவும் என் புத்திசாலித்தனத்தின் மேல். கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற நாளில் அப்பாவோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நான் கேட்டது கிடைக்காதபடி கேட்பது எப்படி என்று பெரிய திட்டம் போட்டிருந்தேன். போன வருஷம் என் மார்க்கைவிட நன்றாக மேலே கட்-ஆஃப் நின்ற கல்லூரிகளை மட்டும் பொறுக்கி, எல்லாவற்றிலும் கெமிக்கல் போட்டேன். "கெமிக்கல்தான போட்டிருக்க?" என்று பின்னாலிருந்து அப்பா கேட்டார். "எல்லாமே கெமிக்கல்தாம்பா" என்றேன், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சென்டர்காரர்தான், "இன்னும் ரெண்டு சாதா காலேஜ் போட்டு வைம்மா, சேஃப்டிக்கு" என்றார். எனக்கு வேண்டிய சேஃப்டியே வேறு. போதும்ணா என்றேன். கிடைக்காது, அப்பாவுக்கு இரண்டு நாள் முகம் வாடும், அப்புறம் விதி என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார், நான் கெமிஸ்ட்ரி படிப்பேன், யாரும் யாரையும் எதிர்த்துப் பேசியதாக இருக்காது. இந்த வருஷம் பார்த்து அத்தனை பேரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிவிட்டார்கள். கெமிக்கலைச் சீண்ட ஆளில்லை. கட்-ஆஃப் சறுக்கிக்கொண்டே வந்து என் மார்க்குக்கும் கீழே போய் நின்றுகொண்டது, நான் எட்டாது என்று நினைத்த இடத்தில் முதலாவதாகப் போட்ட கல்லூரியே கிடைத்துவிட்டது. என் சாமர்த்தியம் என்னையே பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது. அப்பா சென்டர் வாசலில் நின்று அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. துடைத்துக்கொண்டு, "வெள்ளை ஹெல்மெட்டும்மா" என்றார். கம்பெனியில் ஆப்பரேட்டர்களுக்கு மஞ்சள் ஹெல்மெட், இன்ஜினியர்களுக்கு வெள்ளை. போன வருஷம் அவருடைய பிளாண்டுக்கு ஒரு பெண் இன்ஜினியர் வந்தாள், இவருடைய ஷிஃப்டையே பார்த்துக்கொள்கிற மேடம். அந்தப் பெண் வெள்ளை ஹெல்மெட்டோடு டவர் படியில் ஏறிய கதையை நாங்கள் எத்தனை ராத்திரி சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, அதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. "உனக்குக் கெமிஸ்ட்ரிதான புடிக்கும்? இதுவும் அதேதான், கூட இன்ஜினியர்னு போட்டுக்கலாம்" என்கிறார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், டீச்சர்கள்கூட. கெமிஸ்ட்ரி என்பது சாதா தோசை, கெமிக்கல் இன்ஜினியரிங் என்பது மசால் தோசை, இதைவிட்டு அதை வேண்டாம் என்பவள் பைத்தியம். பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன், பம்ப், பைப், வெப்பம் எங்கே போகிறது, திரவம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எல்லாம் அவசியமானதுதான், கெட்டிக்காரர்கள் படிக்கிறதுதான், ஆனால் எனக்கு வேண்டியது அதில் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது என்ன. அதையாவது உருப்படியாகச் சொல்லத் தெரிகிறதா. சின்ன வயதில் ஒரு ஆயுத பூஜைக்கு அப்பா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார், அன்றைக்கு மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. வீடு உயரத்துக்கு, மூடின கொப்பரை மாதிரி ஒரு இரும்பு ரியாக்டர், அதன் வயிற்றில் மூன்று பட்டையாகச் சந்தனம் பூசிப் பூ சுற்றியிருந்தார்கள். இதுக்குள்ள என்னப்பா இருக்கு என்றேன். "அத நாம பாக்க முடியாதும்மா. முள்ளு இங்கயிருந்து இங்கக்குள்ள இருக்குதான்னு பாத்தா போதும்" என்று மீட்டரைக் காட்டினார். நான் அந்த இரும்பில் காதை வைத்தேன், சூடு, உடனே இழுத்துவிட்டார். அத்தனை வருஷம் அதன் பக்கத்தில் நிற்கிறார், உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, ஏனென்று இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. இங்கே எல்லாம் கண்ணாடி. அவ்வளவுதான் என் காரணம். துளி விழுவது தெரிகிறது, அது என்னவாக ஆகிறது என்பது தெரிகிறது. ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க இதெல்லாம் ஒரு காரணமா, இதைப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது. அடுத்த தெரு சுகந்தி அக்காவும் கெமிஸ்ட்ரி ஆசைப்பட்டுத்தான் படித்தாள், எம்.எஸ்சி. வரை, இப்போது நகைக்கடையில் புடவை யூனிபார்மோடு நின்று, வாங்க மேடம், தோடா, வளையலா என்கிறாள். போன மாதம் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போலத் திரும்பிக்கொண்டாள். நானும் ஐந்து வருஷம் கழித்து அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்கப் போகிறேனோ, எல்லாம் கண்ணாடி என்று ஆசைப்பட்டதற்கு. "ரஞ்சனி, இன்னாடி இது?" பெனாசிர் குடுவையைக் காட்டுகிறாள். நான் துளியை நிறுத்திவிட்டு எங்கேயோ நின்றுவிட்டேன், கரைசல் ஆறிப்போய்விட்டது, ஆறினதில் விட்ட பர்மாங்கனேட் நிறம் போகாமல் பழுப்பாக, டீ வடிகட்டினது போலக் கலங்கி நிற்கிறது. கெட்டுப்போய்விட்டது. கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

மறுபடி பிப்பெட், மறுபடி ஆசிட், மறுபடி அடுப்பு. சூடேறுகிற வரை கையில் வேலையில்லை, அது ஆபத்து. கல்லூரி திறந்த அன்று ஸ்டெல்லா மேடம், "இன்ஜினியரிங் கவுன்சிலிங் போறவங்கள்லாம் கையத் தூக்குங்க. திட்ட மாட்டேன். வருஷா வருஷம் பாதிப் பேர் ஓடிடறீங்க, அப்புறம் உங்க பியூரெட்டெல்லாம் பூட்டியே கெடக்கு. போறவங்களுக்குப் பழசு, இருக்கறவங்களுக்குப் புதுசு" என்றார். பின் வரிசையிலிருந்து ஒவ்வொரு கையாக எழுந்தது, வெட்கப்பட்டு, காது உயரம் வரை. நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். புது பியூரெட் கிடைத்தது. அதை வாங்கும்போது அப்படி ஒரு சந்தோஷம், திருடினவளுக்கு வருகிற சந்தோஷம். கை தூக்கியிருந்தால் தேவலை. அன்றைக்கே வீட்டில் போய், அப்பா எனக்கு அது வேண்டாம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தேவலை. சொன்னால் கத்துவாரா என்றால் கத்த மாட்டார், அதுதான் கஷ்டம், கத்துகிற அப்பா இருக்கிற பிள்ளைகள் எவ்வளவு சுலபமாக எதிர்க்கிறார்கள். மணி என்ன இருக்கும். கடிகாரம் மேடம் தலைக்கு மேலே இருக்கிறது, அங்கே பார்த்தால் மேடம் என்னைப் பார்ப்பார். அப்பா இன்னும் இருக்கிறாரா. இப்போது கீழே இறங்கினால்கூட நேரம் இருக்கிறது, சென்டர் பஸ் ஸ்டாண்ட் முக்கில்தான், வண்டியில் போனால் எட்டிப் பிடித்துவிடலாம், போன் அவரிடமே இருக்கிறது, பட்டன், ஓ.டி.பி., முடிந்தது, வெள்ளை ஹெல்மெட். அவர் கூப்பிட்டால் போய்விடுவேன். கீழேயிருந்து பாப்பா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவிடுவேன். ஏன் கூப்பிட மாட்டேன் என்கிறார். கூப்பிட்டுத் தொலையுங்களேன் அப்பா. கூப்பிட்டுவிட்டால் நான் முடிவு பண்ணியதாக இருக்காது, பின்னால் வாழ்நாள் பூராவும் உங்கள் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பேன். ஆவி வந்துவிட்டது, இறக்கு, கைக்குட்டை, முதல் துளி. தயங்குகிறது. போகிறது. அடுத்தது, அடுத்தது. இப்போது ஒழுங்காகச் செய்கிறேன். விழுகிற இடத்தில் ஊதாப் பூவாக விரிந்து, குலுக்கினால் காணாமல் போகிறது. பிறகு கொஞ்சம் தாமதித்துப் போகிறது. இன்னும் தாமதித்து. அரைத் துளி, குழாய் நுனியிலிருந்து குடுவைச் சுவரில் தொட்டு எடுக்கிற அரைத் துளி. ரோஸ், அவ்வளவு லேசான ரோஸ், வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். குலுக்கினேன், போகவில்லை. நின்றது. மேடம் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "நல்லா எடுத்திருக்கியே. முதல் ரீடிங்கோட ஒத்துப்போகுது, போதும், கழுவி வச்சுட்டுக் கிளம்பு" என்றார். "இன்னொரு தடவை பண்றேன் மேடம்" என்றேன். எதுக்கு என்றார். சும்மா மேடம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, சீக்கிரம்" என்று போனார். மூன்றாவது முறைக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போதே சங்கு ஊத ஆரம்பித்தது. எழும்பி, நீண்டு, ஜன்னல் கண்ணாடியெல்லாம் லேசாக அதிர்ந்து, இறங்கி, ஓய்ந்தது. பெனாசிர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "இன்னும் என்னடி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அடுப்பை அணைத்தேன். சந்தோஷம் வரும் என்று நின்று பார்த்தேன், வரவில்லை.

படியில் இறங்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன், நாளைக்கென்று நினைத்துவிட்டேன் அப்பா, தேதியை மாற்றிப் படித்துவிட்டேன் அப்பா. புங்க மரத்தடியில் அப்பா எழுந்து நின்றார், மடியிலிருந்த பூக்களைத் தட்டிவிட்டார். தலையிலும் தோளிலும் இருந்தவை அப்படியே இருந்தன, அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். "கையில இன்னாம்மா கறை?" என்றார். விரல் நுனியெல்லாம் பழுப்பாக இருந்தது. "பர்மாங்கனேட்டுப்பா." "போவுமா?" "தானா போயிடும்பா." தலையாட்டினார். சீட்டைப் பற்றி அவர் கேட்காதது தாங்காமல் நானே கேட்டேன்.

"எப்பப்பா வந்தீங்க? ஷிஃப்ட் இல்ல?"

"மூணு மணிக்கெல்லாம் வந்துட்டேன்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார், போன் இருந்தது. "மத்தியானம் மெசேஜ் வந்துச்சி. இங்கிலீஷ்ல. எங்க மேடம்தான் படிச்சுச் சொன்னாங்க, இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுதுன்னு. ஓடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்னு அவங்களே அனுப்பி வச்சாங்க. பாவம் புள்ள, நாளைக்குன்னு நெனச்சிக்கிட்டிருக்கே, மறந்துடுச்சி போலன்னு நானும் ஓடியாந்தேன்." வண்டியின் ஸ்டாண்டை எடுத்தார். "இங்க வந்து உக்காந்தப்புறந்தான் தோணிச்சி. நீ எதையும் மறக்குற புள்ள இல்லியே. அப்புறம் ஜன்னல்ல வந்து பாத்துட்டுப் போன."

ஓ.டி.பி. போகிற போனுக்குத்தான் மெசேஜும் போகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை. படியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்துவிட்டது. "கூப்ட்டிருக்கலாமேப்பா" என்றேன். குரல் எனக்கே அவர்மேல் குற்றம் சாட்டுவது போலக் கேட்டது.

அப்பா ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் போட்டுக்கொண்டார். மஞ்சள் நிறம் நெற்றியோரத்தில் தேய்ந்து வெளிறியிருந்தது. "கூப்ட்டிருந்தா நீ வந்திருப்ப" என்றார்.

வண்டியைக் கிளப்பினார். எப்போதும் போல நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன், எப்போதும் அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். காக்கிச் சட்டையில் பிளாண்ட் வாசனை, எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் வருகிற அதே வாசனை. தோளில் இன்னும் இரண்டு புங்கப் பூ இருந்தது. பஸ் ஸ்டாண்ட் முக்கு வந்தது, பிரவுசிங் சென்டரில் விளக்குப் போட்டிருந்தார்கள், அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. முன்னால் வேகத்தடை இருந்தது. "புடிச்சிக்கிட்டியா?" என்று கேட்டார். "புடிச்சிக்கிட்டேம்பா" என்றேன். சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைத்தான் பிடித்திருந்தேன்.